விஞ்ஞானம் – விளக்கக் கட்டுரை
அமுக்கம்: ஆழமே தீர்மானிக்கும், அளவு அல்ல



க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் பலர் தயக்கத்துடன் அணுகும் அலகுகளில் ஒன்று அமுக்கம் ஆகும். நான் பட்டப்படிப்பிற் கற்றது கலைப் பாடங்களையே. ஆகையால் சூத்திரம் ஒன்றைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும் மாணவரின் மனநிலை எனக்கு அந்நியமானதல்ல. ஆனால் இந்த அலகில் மனனம் செய்யவேண்டியது மிகக் குறைவு. விளங்கிக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றே ஒன்றுதான். ஓய்வில் உள்ள திரவமொன்று ஓரிடத்தில் ஏற்படுத்தும் அமுக்கம், அந்த இடம் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதிலேயே தங்கியுள்ளது. அங்கே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதில் அல்ல.

இதற்கான சான்றுகள் நமது மாத்தளை மாவட்டத்திலேயே உள்ளன. வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சிகிரியாவும் குளங்களும் விஞ்ஞானப் பாடத்திற்கும் உரியவையே.

1. அமுக்கம் என்றால் என்ன?

ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகத் தாக்கும் விசையே அமுக்கம் எனப்படும்.

அமுக்கம் = விசை ÷ பரப்பளவு

விசையை நியூட்டனிலும் பரப்பளவைச் சதுர மீற்றரிலும் எடுத்தால் அமுக்கம் பஸ்கால் என்னும் அலகிற் கிடைக்கும். ஒரு சதுர மீற்றர் பரப்பின் மீது ஒரு நியூட்டன் விசை தாக்குமாயின் அங்குள்ள அமுக்கம் 1 பஸ்கால் ஆகும்.

புத்தகம் நிறைந்த பாடசாலைப் பையின் தோள்பட்டி மெல்லிய கயிறாக இருந்தால் தோள் வலிக்கிறது. அதே பைக்கு அகன்ற பட்டியைத் தைத்தால் வலி குறைகிறது. பையின் நிறை மாறவில்லை. பரப்பளவு கூடியதால் அமுக்கம் குறைந்தது. ஆணியின் முனை கூராக இருப்பதும் கத்தியைத் தீட்டுவதும் இதற்கு மறுதலையான காரணத்தினாலேயே.

கவனிக்க: விசை வேறு, அமுக்கம் வேறு. விசைக்குத் திசை உண்டு. அமுக்கத்திற்குத் திசை இல்லை. திரவத்தினுள் ஒரு புள்ளியில் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகத் தொழிற்படும்.

2. திரவம் ஏற்படுத்தும் அமுக்கம்

அடிப்பரப்பு 1 சதுர மீற்றர் கொண்ட தொட்டி ஒன்றில் 1 மீற்றர் உயரத்திற்கு நீர் இருப்பதாகக் கொள்வோம்.

நீரின் கனவளவு = 1 கன மீற்றர்
நீரின் அடர்த்தி = கன மீற்றருக்கு 1,000 கிலோகிராம்
எனவே நீரின் திணிவு = 1,000 கிலோகிராம்
புவியீர்ப்பு ஆர்முடுகல் = 10 மீ.செ⁻²
எனவே நீரின் நிறை = 1,000 × 10 = 10,000 நியூட்டன்

இந்த நிறை முழுவதும் 1 சதுர மீற்றரின் மீது தாக்குகிறது. ஆகவே அடியில் அமுக்கம் 10,000 பஸ்கால். நீரின் உயரம் 2 மீற்றராயின் 20,000 பஸ்கால். 5 மீற்றராயின் 50,000 பஸ்கால்.

இப்போது தொட்டியின் அடிப்பரப்பை 3 சதுர மீற்றராக்குங்கள். நீர் மூன்று மடங்காகும், நிறையும் மூன்று மடங்காகும். ஆனால் அந்த நிறையைத் தாங்கும் பரப்பும் மூன்று மடங்காகிவிட்டது. வகுத்துப் பார்த்தால் அமுக்கம் முன்னர் இருந்ததேதான். இதிலிருந்து பெறும் தொடர்பு வருமாறு:

திரவ அமுக்கம் = ஆழம் × திரவத்தின் அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்

இத்தொடர்பில் பரப்பளவு என்னும் சொல்லும் இல்லை, கனவளவு என்னும் சொல்லும் இல்லை. நீருக்கு ஒரு சிறு வாய்ப்பாட்டை நினைவில் வைத்தாற் போதும்: ஒவ்வொரு மீற்றர் ஆழத்திற்கும் 10,000 பஸ்கால்.

தோட்டப்புறங்களில் வசிப்போர் இதை நாள்தோறும் காண்கிறீர்கள். மலை உச்சியிலுள்ள தாங்கியிலிருந்து குழாய்வழியே லயங்களுக்கு நீர் வருகிறது. மேல் லயத்தின் பீலியில் நீர் மெதுவாக வடிகிறது. கீழ் லயத்தின் பீலியில் சீறிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் தாங்கி ஒன்றே.

உதாரணம் 1: தாங்கியின் நீர்மட்டத்திலிருந்து மேல் லயத்துக் குழாய்வாய் 2 மீற்றரும் கீழ் லயத்துக் குழாய்வாய் 12 மீற்றரும் கீழே உள்ளன. குழாய்கள் மூடப்பட்டுள்ளபோது அவ்விடங்களில் நீரினால் ஏற்படும் அமுக்கங்கள் யாவை?

தீர்வு:
மேல் லயம்: 2 × 1,000 × 10 = 20,000 பஸ்கால்
கீழ் லயம்: 12 × 1,000 × 10 = 120,000 பஸ்கால்

தாங்கியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு இரு மடங்கு பெரியதாகக் கட்டினால் மேல் லயத்தாரின் குறை தீருமா? தண்ணீர் கூடிய நேரம் கிடைக்கும். ஆனால் நீர்மட்டம் உயராத வரை குழாயின் அமுக்கம் கூடாது. அமுக்கம் கூடவேண்டுமானால் தாங்கியை உயர்த்த வேண்டும்.

“குழாய்கள் மூடப்பட்டுள்ளபோது” என்ற சொற்றொடரையும் கவனியுங்கள். நீர் ஓடத் தொடங்கினால் குழாயின் உட்சுவரில் ஏற்படும் உராய்வினால் அமுக்கத்தின் ஒரு பகுதி இழக்கப்படும். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் இழப்பு அதிகம்.

3. சிகிரியா நீரூற்றுகள்

முதலாம் காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை சிகிரியாவிலிருந்து ஆட்சி செய்தான். குன்றின் மேற்குப் பக்கத்தில் அமைந்த நீர்த்தோட்டத்தில் நீரூற்றுகள் உள்ளன. சமச்சீராகத் துளையிடப்பட்ட வட்டமான சுண்ணக்கல் தட்டுகளே அவற்றின் வாய்கள். நிலத்தடி வாய்க்கால்கள் மூலம் நீர் அவற்றை வந்தடைகிறது. பம்பி எதுவும் இல்லை. பதினைந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் மழைக்காலத்தில் அவை நீரைப் பீச்சுகின்றன.

இது எவ்வாறு நிகழ்கிறது? நீரை வழங்கும் இடத்தின் நீர்மட்டம், நீரூற்றின் வாயைவிட உயரத்தில் உள்ளது. அந்த உயர வித்தியாசம் 1 மீற்றர் எனக் கொண்டால் தட்டின் அடியில் உள்ள நீர் 10,000 பஸ்கால் அமுக்கத்துடன் மேல்நோக்கித் தள்ளும். துளை ஒன்று கிடைத்ததும் நீர் மேலே எழும். ஆனால் அது மூலத்தின் நீர்மட்டத்தைத் தாண்டி எழாது. உராய்வினால் சற்றுக் குறைவாகவே எழும். மழை பெய்து மூலத்தின் நீர்மட்டம் உயரும்போது நீரூற்று எழுவதும், வறட்சியில் மட்டம் தாழும்போது அடங்குவதும் இதனாலேயே.

“துளை சிறியதாக இருப்பதால் அமுக்கம் உண்டாகிறது” என்று விடை எழுதுவோர் உண்டு. இது தவறு. அமுக்கத்தை உண்டாக்குவது நீர்மட்ட உயரமே. துளை சிறியதாக இருப்பதன் பயன் வேறு. துளைகள் சிறியனவாக இருந்தால் வெளியேறும் நீரின் அளவு குறையும். ஆகவே வாய்க்காலில் நீர் மெதுவாகவே ஓடும். மெதுவாக ஓடினால் உராய்வு இழப்புக் குறையும். துளையை வந்தடையும் வரை அமுக்கம் பெரும்பாலும் காக்கப்படும். றப்பர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் தூரம் பாய்வதும் இதே காரணத்தினாலேயே.

திரவ அமுக்கம் பாத்திரத்தின் வடிவத்திலன்றி ஆழத்திலேயே தங்கியுள்ளது என்பதை ஐரோப்பாவில் சைமன் ஸ்டீவின் 1586 இல் நூலாக எழுதி வெளியிட்டார். அதற்கு ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னரே இக்கருத்து சிகிரியாவில் கல்லில் தொழிற்பட்டுக்கொண்டிருந்தது. சூத்திரம் பின்னர் வந்தது. அவதானிப்பு முன்னர் இருந்தது.

4. அணைக்கட்டு ஏன் அடியில் அகலமாக உள்ளது?

கண்டலம, தேவஹுவ போன்ற குளங்களின் கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் ஒடுங்கியும் அடியில் மிக அகன்றும் காணப்படும். ஆழம் கூடக்கூட அமுக்கம் கூடுவதால் அடிப்பகுதியே அதிக விசையைத் தாங்க வேண்டும்.

அம்பன் கங்கைக்குக் குறுக்கே கட்டப்பட்டு 2018 ஜனவரியில் திறக்கப்பட்ட மொறகஹகந்த அணையின் உயரம் ஏறக்குறைய 65 மீற்றர். அங்கே 60 மீற்றர் ஆழத்தில் நீரினால் மாத்திரம் ஏற்படும் அமுக்கம் 60 × 1,000 × 10 = 600,000 பஸ்கால். அதாவது அணைச்சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் 60,000 கிலோகிராம் திணிவின் நிறைக்குச் சமமான விசை தாக்குகிறது.

இங்கே ஒரு வியப்பான முடிவு உண்டு. அணைக்குப் பின்னால் நீர் நூறு மீற்றர் தூரம் பரந்திருந்தாலும் பத்துக் கிலோமீற்றர் பரந்திருந்தாலும் அணையின் மீது தாக்கும் அமுக்கம் ஒன்றே. ஆழத்தை மட்டுமே அணை உணரும்.

மதகு வைக்கப்படுவதும் கட்டின் அடிப்பகுதியிலேயே. 10 மீற்றர் ஆழத்தில் 1 சதுர மீற்றர் பரப்புள்ள கதவொன்றை நீர் ஏறத்தாழ 100,000 நியூட்டன் விசையுடன் அழுத்தும். அக்கதவைத் திறப்பது எளிதல்ல. திறந்தாலும் சீறிவரும் நீர் மண்கட்டை அரித்துவிடும். இதற்கு நம் நாட்டுப் பண்டைய பொறியியலாளர் கண்ட தீர்வுதான் வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் பிசோகொட்டுவ. கட்டினுள்ளே கருங்கற் பலகைகளாற் சூழப்பட்ட செவ்வகக் கிணறு அது. குளத்து நீர் முதலில் அதனுள் வந்து வேகம் தணிந்து, கட்டுப்படுத்தப்பட்ட அளவில் வெளியேறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியிட்ட நூலில், நவீன நீர்த்தேக்கங்களின் வால்வுக் கிணறுகளுக்கு முன்னோடி இதுவே என எடுத்துக்காட்டினார்.

இவை பரீட்சைக்கு மட்டும் உரிய விடயங்கள் அல்ல. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. கட்டின் உயரம் ஏறத்தாழ 15 மீற்றரே. உறக்கத்திலிருந்த கிராமங்களின் மீது வெள்ளம் பாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டு நிலைத்து நிற்குமா என்பதை ஆழம் தீர்மானிக்கிறது. உடைந்த பின் எவ்வளவு அழிவு என்பதை நீரின் அளவு தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குளக்கட்டின் வெளிப்புற அடிவாரத்தில் நீர் கசிவதைக் கண்டால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த கசிவையும் அறிவிப்பது நல்லது. கலங்கிய நீர் கசிந்தால், கட்டின் உள்ளிருக்கும் மண் கரைந்து வருகிறது என்பது பொருள். அமுக்கம் மிகக் கூடிய இடம் அதுவே. தாமதியாமல் கிராம உத்தியோகத்தருக்கோ நீர்ப்பாசன அதிகாரிகளுக்கோ அறிவிக்க வேண்டும்.

5. வளிமண்டல அமுக்கம்

நாம் காற்றுக் கடலொன்றின் அடியில் வாழ்கிறோம். காற்றுக்கும் நிறை உண்டு. கடல்மட்டத்தில் அதன் அமுக்கம் ஏறத்தாழ 100,000 பஸ்கால். 100 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள உள்ளங்கையின் மீது இது 1,000 நியூட்டன் விசையைத் தரும். இது 100 கிலோகிராம் அரிசியின் நிறைக்குச் சமன். எனினும் கையின் கீழ்ப்புறத்திலிருந்தும் காற்று அதே அமுக்கத்துடன் மேல்நோக்கித் தள்ளுவதால் நாம் அதை உணர்வதில்லை.

1643 இல் இத்தாலியின் தொரிசெல்லி, ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாயை இரசத்தால் நிரப்பி, இரசத் தொட்டியொன்றில் தலைகீழாக நிறுத்தினார். இரசநிரல் இறங்கி 76 சென்ரிமீற்றர் அளவில் நின்றது. மேலே எஞ்சியது வெற்றிடம். நிரலைத் தாங்கி நிற்பது தொட்டியின் இரசத்தை அழுத்தும் வளிமண்டலமே. இதுவே இரசப் பாரமானி.

0.76 × 13,600 × 10 = 103,360 பஸ்கால்

1648 இல் பஸ்காலின் வேண்டுகோளின்படி அவரது சகோதரியின் கணவர் பெரியே, பிரான்சின் மலையொன்றின் மீது பாரமானியைக் கொண்டு சென்றார். ஏறத்தாழ 1,000 மீற்றர் உயர்ந்தபோது இரசநிரல் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தது. மேலே செல்லச்செல்ல நமக்கு மேலுள்ள காற்று குறைவதே காரணம். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக றிவஸ்ரனுக்கு பஸ்ஸில் ஏறும்போது காது அடைத்துப் பின் திறப்பதும், வாங்கிச்சென்ற பொரியல் பைக்கற்று மேலே போனதும் உப்பிக்கொள்வதும் இதனாலேயே. பைக்கற்றினுள் புதிதாகக் காற்று புகவில்லை. வெளி அமுக்கம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று விரிந்தது.

கவனிக்க: திரவத்தை நெருக்க முடியாது எனக் கொள்ளலாம். ஆகவே அதன் அடர்த்தி எல்லா ஆழத்திலும் ஒன்றே. வாயு நெருங்கும். கீழே அடர்த்தி கூடியும் மேலே குறைந்தும் இருக்கும். எனவே திரவத்திற்குரிய சூத்திரத்தை முழு வளிமண்டலத்திற்கும் பிரயோகிக்கலாகாது.

கிணற்று நீரும் பம்பியும்: தம்புள்ளை, கலேவெல பகுதி விவசாயிகள் கிணற்றிலிருந்து பம்பி மூலம் நீரிறைக்கின்றனர். பம்பி தண்ணீரை “இழுக்கிறது” என்கிறோம். உண்மையில் பம்பி குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மீதுள்ள வளிமண்டலமே நீரைக் குழாயினுள் தள்ளுகிறது. அதன் வலிமை 100,000 பஸ்கால். நீருக்கு மீற்றருக்கு 10,000 பஸ்கால் தேவை. ஆகவே 10 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்சி ஏற்ற எந்தப் பம்பியாலும் இயலாது. நடைமுறையில் 7 அல்லது 8 மீற்றரே சாத்தியம். கிணறு அதைவிட ஆழமாயின் நீரினுள் மூழ்கும் மின்பம்பியே ஏற்றது. அது நீரை உறிஞ்சாது, அடியிலிருந்து மேலே தள்ளும்.

எச்சரிக்கை: ஆழம் போதவில்லை என்று பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்களைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கக் கூடாது. வெளிவரும் காபனோரொட்சைட்டு வாயு கிணற்றினுள் தேங்கி, இறங்குவோரின் உயிரைப் பறிக்கும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

6. மூடிய பாத்திரத்தில் வாயுவும் திரவமும்

மூடிய பாத்திரத்தினுள் வாயு மூலக்கூறுகள் இடையறாது அசைந்து சுவரில் மோதுகின்றன. அம்மோதல்களே வாயு அமுக்கம். வெப்பநிலை கூடினால் மூலக்கூறுகளின் வேகம் கூடும், அமுக்கமும் கூடும். காற்று நன்கு அடைக்கப்பட்ட சைக்கிள் டயரை நண்பகல் வெயிலில் நிறுத்தக் கூடாது என்பதும், எரிவாயுச் சிலிண்டரை அடுப்பருகே வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மூடிய திரவமொன்றின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அமுக்கம் எல்லா இடங்களுக்கும் குறையாமல் ஊடுகடத்தப்படும். இது பஸ்காலின் தத்துவம். நீரியல் உயர்த்தியின் சிறிய ஆடுதண்டு 5 சதுர சென்ரிமீற்றர், பெரியது 200 சதுர சென்ரிமீற்றர் எனின், 50 நியூட்டன் விசையால் 50 × 200 ÷ 5 = 2,000 நியூட்டன் சுமையை உயர்த்தலாம். எனினும் பெரியது 1 சென்ரிமீற்றர் உயரச் சிறியது 40 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். விசையில் இலாபம், தூரத்தில் நட்டம்.

வான், முச்சக்கரவண்டி ஆகியவற்றின் பிரேக் இத்தத்துவப்படியே இயங்குகிறது. பிரேக் எண்ணெய்க்குள் காற்றுக் குமிழ் புகுந்தால் என்ன நிகழும்? மிதியை அழுத்தும்போது காற்று நெருங்கிக்கொள்ளும்; அமுக்கம் சில்லை முழுமையாகச் சென்றடையாது. மலைப்பாதையில் இறங்கும் வாகனத்திற்கு இது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லவேண்டியதில்லை. திரவத்திற்கும் வாயுவிற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் இந்த உதாரணத்தை எழுதலாம்.

7. பரீட்சையில் கவனிக்க வேண்டியவை

• ஆழத்தை எப்போதும் நீர்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கவும், அடியிலிருந்து அல்ல.
• சென்ரிமீற்றரை மீற்றராக மாற்றிய பின்னரே பிரதியிடவும்.
• “நீரினால் ஏற்படும் அமுக்கம்” எனக் கேட்டால் வளிமண்டல அமுக்கத்தைச் சேர்க்க வேண்டாம். “மொத்த அமுக்கம்” எனக் கேட்டால் சேர்க்கவும்.
• பக்கத்தில் மூன்று துளைகள் இட்ட போத்தலில், அடித்துளையிலிருந்து நீர் “கூடிய வேகத்துடன்” வெளியேறும் என எழுதவும்.

பயிற்சி வினாக்கள்

(1) 2 மீற்றர் உயரத்திற்கு நீர் நிரப்பிய ஒடுங்கிய குழாய், 1 மீற்றர் உயரத்திற்கு நீர் நிரப்பிய அகன்ற தொட்டி ஆகியவற்றுள் எதன் அடியில் நீரமுக்கம் கூடியது? ஏன்?
(2) அடர்த்தி கன மீற்றருக்கு 800 கிலோகிராம் உடைய மண்ணெண்ணெய் 1.5 மீற்றர் ஆழத்திற்கு உள்ளது. அடியில் அதனால் ஏற்படும் அமுக்கம் யாது?
(3) குளத்தில் 5 மீற்றர் ஆழத்திலுள்ள மீனின் மீது தாக்கும் மொத்த அமுக்கம் யாது? (வளிமண்டல அமுக்கம் 100,000 பஸ்கால்)
(4) மலையுச்சியில் இரசநிரலின் உயரம் 68 சென்ரிமீற்றர். அங்கு வளிமண்டல அமுக்கம் யாது?
(5) மேல் லயத்திற்குக் கூடிய அமுக்கத்தில் நீர் கிடைக்கச் செய்ய ஒரு வழியைக் காரணத்துடன் கூறுக.

விடைகள்

(1) குழாய். நீரின் ஆழம் கூடியது. அகலம் அமுக்கத்தைப் பாதிக்காது.
(2) 1.5 × 800 × 10 = 12,000 பஸ்கால்.
(3) 5 × 1,000 × 10 + 100,000 = 150,000 பஸ்கால்.
(4) 0.68 × 13,600 × 10 = 92,480 பஸ்கால்.
(5) தாங்கியை மேலும் உயரமான இடத்தில் அமைத்தல். நீர்மட்டத்திற்கும் குழாய்வாய்க்கும் இடையிலான உயரம் கூடுவதால் அமுக்கம் கூடும்.

ஐந்தாம் வினாவுக்கு “பெரிய தாங்கி கட்டுதல்” என்று எழுதியிருந்தால், இரண்டாம் பகுதியை இன்னொரு முறை வாசித்துவிட்டு அடுத்த அலகுக்குச் செல்லுங்கள்.